வடக்குத் தான்சானியா சஃபாரி: முதல்முறை போகிறவர்களுக்கு

தான்சானியா போக முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் விமான டிக்கெட்டைப் போட்டுவிட்டுத்தான் "சரி, எங்கெங்கே போகலாம்?" என்று கேட்கிறார்கள். அங்குள்ள செரங்கெட்டி வனவிலங்குப் பூங்காவில் இந்த வரிசை செல்லுபடியாகாது. மழை எங்கே பெய்ததோ அங்கே புல். புல் இருக்கும் இடத்தில் மேயும் விலங்குகளின் மந்தை. மந்தைக்குப் பின்னாலேயே சிங்கமும் கழுதைப்புலியும். பூங்காவின் பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். தவறான மாதத்தில் தவறான மூலையில் அறை எடுத்துவிட்டால், மந்தை இருக்கும் இடத்துக்குப் போய்வரவே பகல் போய்விடும். முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள், இடம் தானாக முடிவாகும்.

முதல்முறை போகிறவர்களுக்கு வடக்குப் பகுதியே சரி: அருஷா நகரத்திலிருந்து தரங்கிரே, செரங்கெட்டி பூங்காக்கள், கொரொங்கோரோ எரிமலைப் பள்ளம், விருப்பமிருந்தால் கிளிமஞ்சாரோ மலை. தெற்கே நியெரேரே, ருவாஹா பூங்காக்களும், மேற்கே டாங்கனிக்கா ஏரிக்கரையில் சிம்பன்சிகள் வாழும் கொம்பே, மஹாலே காடுகளும் அருமையானவைதான். ஆனால் அங்கெல்லாம் போவதற்குச் சிறு விமானமும் கூடுதல் நாட்களும் கூடுதல் பணமும் வேண்டும். அவை இரண்டாவது பயணத்துக்கு இருக்கட்டும்.

எந்த மாதம், எந்த இடம்

நீண்ட மழை மார்ச் நடுவில் தொடங்கி மே வரை. குறுமழை நவம்பர், டிசம்பரில். இந்த இரண்டையும் ஒட்டியே மாடுபோல் தோன்றும் பெரிய மான் இனமான வில்டபீஸ்ட் சுமார் 13 லட்சமும், 2 லட்சத்துக்கு மேல் வரிக்குதிரைகளும், கூடவே கெசல் மான்களும் ஆண்டு முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை மந்தை தெற்கே, ந்டுடு ஏரியைச் சுற்றிய குட்டைப் புல்வெளியில் இருக்கும். அந்த மண் பழைய எரிமலைச் சாம்பல் படிந்தது. கொஞ்ச ஆழத்திலேயே கெட்டித்தட்டு வந்துவிடுவதால் மரவேர் இறங்காது. அதனால்தான் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரமே இல்லாத வெளி. புல்லில் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் அதிகம், பால் கொடுக்கும் தாய்களுக்கு அதுதான் தேவை. ஜனவரி கடைசி, பிப்ரவரியில் சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கான கன்றுகள் பிறக்கும். பிறந்த கன்று சில நிமிடங்களில் எழுந்து நின்று தாயோடு ஓடத் தொடங்கிவிடும், எழ முடியாததைக் கழுதைப்புலி எடுத்துக்கொள்ளும். வேட்டையைப் பார்க்க வேண்டுமென்றால் இதுவே சரியான பருவம். மனம் இளகியவர்களுக்கு இது ஒத்துவராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வெளியில் நிரந்தரத் தண்ணீர் கிடையாது, இருக்கும் ஏரிகளும் உவர்ப்பு. மழை நின்றதும் மந்தை நகர்ந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் நடுப்பகுதியான செரொனெரா வழியாக மேற்கே போகும். ஜூனில் குருமெட்டி ஆற்றோரம். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை வடக்கே, வற்றாத மாரா ஆற்றின் இரு கரையிலும். தொலைக்காட்சியில் பார்க்கும் ஆற்றைக் கடக்கும் காட்சி இந்த மாதங்களுக்கு உரியது, அதற்குக் கொகடெண்டே பகுதியில் தங்க வேண்டும். நவம்பரில் மறுபடி தெற்கு நோக்கி.

இது காலண்டர் அல்ல என்பதை நினைவில் வையுங்கள். மழை இரண்டு வாரம் தள்ளிப்போனால் மந்தையும் தள்ளிப்போகும். "ஆகஸ்ட் 10 அன்று கிராசிங் நிச்சயம்" என்று எந்த ஏஜென்சியாவது சொன்னால் வேறு ஏஜென்சி பாருங்கள்.

மந்தை எங்கே இருந்தாலும் செரொனெராவில் சிங்கம், சிறுத்தை, யானை, நீர்யானை எல்லாம் வருடம் முழுக்க உண்டு. தேதியை மாற்ற முடியாதவர்கள் அங்கே தங்கினால் ஏமாற்றம் இருக்காது. கொரொங்கோரோவும் அப்படியே, எந்த மாதமும் சரி. தரங்கிரேக்கு மட்டும் கணக்கு வேறு: ஜூன் முதல் அக்டோபர் வரை சுற்றுவட்டாரத்து யானைகளெல்லாம் அங்கே ஓடும் ஆற்றுக்கு வந்துசேரும், மழை பெய்ததும் பூங்காவுக்கு வெளியே கலைந்துவிடும். பிப்ரவரியில் போகிறவர்கள் தரங்கிரே நாளை வெட்டி ந்டுடுவில் சேர்ப்பதே புத்திசாலித்தனம்.

எத்தனை நாள், எந்த வரிசையில்

குறைந்தது 6 இரவு. அருஷாவிலிருந்து செரொனெரா 330 கிலோமீட்டர் அளவில்தான். ஆனால் கொரொங்கோரோவின் லொடுவாரே நுழைவாயிலைத் தாண்டியதும் தார் ரோடு முடிந்து மண் ரோடு, அதுவும் வரிவரியாக அலைபோல் எழும்பிய ரோடு. பூங்காவுக்குள் வேக வரம்பு மணிக்கு 50 கிலோமீட்டர். முழுப் பயணத்துக்கு 7, 8 மணி நேரம் பிடிக்கும். கொகடெண்டே போக இன்னும் அரை நாள். நான்கு நாள் பேக்கேஜில் செரங்கெட்டியைச் சேர்த்தால் பாதிப் பொழுது முதுகுவலியோடு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு போவதிலேயே கழியும்.

ஜூன் முதல் அக்டோபர் வரை நன்றாக வேலை செய்யும் வரிசை இது. முதல் நாள் அருஷாவிலிருந்து தரங்கிரே, இரண்டு இரண்டரை மணி நேர ஓட்டம், மாலைவரை காடு. இரண்டாம் நாள் காலை அங்கேயே சுற்றிவிட்டு இரவு வழியிலுள்ள கராட்டு ஊரில். மூன்றாம் நாள் விடியலில் கிளம்பி செரங்கெட்டி. நான்கும் ஐந்தும் அங்கேயே. ஆறாம் நாள் காலைச் சுற்று முடிந்ததும் கொரொங்கோரோ விளிம்பு. ஏழாம் நாள் விடிந்ததும் பள்ளத்துக்குள் இறங்கி, மதியம் ஏறி, மாலையில் அருஷா.

மன்யாரா ஏரியை இதில் சேர்க்கவில்லை. பிளவுப் பள்ளத்தாக்கின் செங்குத்துச் சுவர் அடியில் இருக்கும் அழகான சிறு பூங்கா, நிழலடர்ந்த காடு, பூநாரைகள் எல்லாம் உண்டு. மரமேறும் சிங்கங்களால் பெயர் பெற்ற இடமும்கூட. ஆனால் சிங்கம் மரத்தில் இருப்பது அதன் இஷ்டம். ஏழு நாள்தான் என்றால் விட்டுவிடலாம். நேட்ரான் ஏரிக்குத் தனியாக இரண்டு நாள் வேண்டும். உலகின் சிறு பூநாரைகளில் பெரும்பகுதி முட்டையிட்டுப் பொரிக்கும் இடம், பக்கத்திலேயே ஒல் டொய்ன்யோ லெங்காய் எரிமலை. அதன் குழம்பு மற்ற எரிமலைகளைப்போல் சிவப்பாகத் தகதகக்காமல் கறுப்பாக ஓடி, ஆறியபின் வெளுத்துவிடும். மலையேற்றம் நடுராத்திரியில்தான் தொடங்கும், பகல் வெயில் அங்கே தாங்காது.

கட்டணக் கணக்கு

பேக்கேஜ் விலை ஏன் இவ்வளவு என்று புரிய, அரசுக்குப் போகும் பணத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். அண்மை ஆண்டுகளில், 18 சதவீத வரியும் சேர்த்து, வெளிநாட்டு வயதுவந்தோர் ஒருவருக்கு ஒரு நாளுக்குச் செரங்கெட்டி சுமார் 83 டாலர், தரங்கிரே 59, கொரொங்கோரோ பாதுகாப்புப் பகுதி 71. சிறுவர்களுக்குக் குறைவு, ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். கட்டணம் மாறிக்கொண்டே இருக்கும், பணம் கட்டுமுன் அந்த ஆண்டின் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

இங்கே இரண்டு விஷயம் பலருக்கும் தெரியாது. ஒன்று, செரங்கெட்டிக்குப் போகும் வழக்கமான ரோடு கொரொங்கோரோ பாதுகாப்புப் பகுதிக்குள்தான் போகிறது. நிற்காமல் கடந்து போனாலும் 71 டாலர் உண்டு, திரும்பி வரும்போது மறுபடி உண்டு. இரண்டு, கொரொங்கோரோ பள்ளத்துக்குள் இறங்க வண்டிக்கு 295 டாலர் தனி. வண்டிக்குத்தான், ஆளுக்கு அல்ல. இரண்டு பேர் போனால் தலைக்கு 148, ஆறு பேர் சேர்ந்தால் 49. செலவைக் குறைக்க மட்டமான ஓட்டலைத் தேடுவதைவிட வண்டியை நிரப்புவது பெரிய மிச்சம், டீசலும் ஓட்டுநர் சம்பளமும் அப்படியே பங்காகும்.

மேலே சொன்ன வழியில், செரங்கெட்டியில் இரண்டே இரண்டு நாள் அனுமதி என்று வைத்துக்கொண்டாலும், இரண்டு பேர் போகும் வண்டியில் தலைக்கு 500 டாலரைத் தாண்டுகிறது. தங்குமிடத்துக்கான இரவுக் கட்டணம், சாப்பாடு, வண்டி எதுவும் இதில் சேரவில்லை. ஆகவே "எல்லாம் உட்பட 700 டாலர்" என்று யாராவது சொன்னால், எதை விட்டுவிட்டார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் பள்ளத்துக்குள் இறங்கும் கட்டணம் விடுபட்டிருக்கும்.

அனுமதி 24 மணி நேரக் கணக்கு. செரங்கெட்டியின் நாபி ஹில் நுழைவாயிலில் மதியம் 1 மணிக்குச் சீட்டு போட்டால், இரண்டு நாள் அனுமதி மூன்றாம் நாள் மதியம் 1 மணிக்கு முடிகிறது. அதற்குப் பிறகு வந்தால் இன்னொரு நாள் கட்டணம். கடைசி நாள் காலையில் ஓட்டுநர் சிறுத்தையைக்கூடப் பார்க்க விடாமல் அவசரப்படுவதற்குக் காரணம் இதுதான். உள்ளே போகும்போதே சீட்டில் போட்டிருக்கும் நேரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அதற்கேற்பக் கடைசிக் காலையைத் திட்டமிடுங்கள். நாபி ஹில்லில் வரிசை நீளம். காத்திருக்கும் நேரத்தில் பின்னால் இருக்கும் பாறைக் குன்றில் ஏறினால், தலை இளஞ்சிவப்பும் உடல் நீலமுமான ஓணான்கள் கைக்கெட்டும் தூரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் தெற்குப் புல்வெளி முழுதும் விரிந்து கிடக்கும்.

ஏஜென்சியிடம் கேட்க வேண்டியவை

சுற்றுலா உரிமத்தை அங்கே "டாலா" லைசென்ஸ் என்பார்கள். நகல் கேளுங்கள், தயங்கினால் விட்டுவிடுங்கள். பிறகு வண்டி. மேல்கூரை தூக்கித் திறக்கும் லேண்ட் குரூசர்தான் வேண்டும், ஆளுக்கொரு ஜன்னல் இருக்க வேண்டும். கூரை திறக்கும் மினிவேன் தரங்கிரேக்குப் போதும், மழைக்காலச் செரங்கெட்டிச் சேற்றில் மாட்டிக்கொள்ளும். தங்குமிடத்தின் பெயரையும் அது எந்தப் பகுதியில் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். "செரங்கெட்டி லாட்ஜ்" என்று மட்டும் போட்டிருந்தால், அது பூங்காவுக்கு வெளியே ஒரு மணி நேரம் தள்ளியும் இருக்கலாம். ஒரு நாளுக்கு எத்தனை கிலோமீட்டர், டீசலுக்கு வரம்பு உண்டா, வண்டி பழுதானால் மாற்று வண்டி எவ்வளவு நேரத்தில் வரும் என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் "வெஜிடேரியன்" என்று மட்டும் சொல்லி விடாதீர்கள். மீன், முட்டை, கோழிச்சாறு எதுவும் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். காய்கறி சூப்பில் கோழிச்சாறு கலப்பது அங்கே வழக்கம்தான். சப்பாத்தி, பீன்ஸ் குழம்பான மஹராகே, கீரையான ம்சிச்சா, சோள மாவில் கிண்டும் உகாலி எங்கும் கிடைக்கும். அருஷாவில் பல தலைமுறையாகக் குஜராத்திக் குடும்பங்கள் இருப்பதால் நகரத்தில் பிரச்சினையே இல்லை. காட்டுக்குள் மதியப் பெட்டிதான் சிக்கல், அதில் என்ன வைப்பார்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

விசா, ஊசி, பணம்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு இ-விசா 50 டாலர். பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். அரசு இணையதளத்தைப் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் இரு மடங்கு வாங்கிக்கொள்கின்றன, முகவரியை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். சான்சிபார் தீவுக்கும் போவதாக இருந்தால், 2024 அக்டோபர் முதல் அத்தீவு அரசின் காப்பீடு கட்டாயம், 44 டாலர். ஊரில் எடுத்த பயணக் காப்பீடு அதற்குப் பதிலாக ஆகாது.

மஞ்சள் காய்ச்சல் ஊசியில்தான் பலர் விமான நிலையத்தில் மாட்டுகிறார்கள். அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போகும் விமானங்கள் அதிகம். எத்தியோப்பியாவும் கென்யாவும் அந்த நோய் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கின்றன. அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் நின்று வந்தால் தான்சானியா சான்றிதழ் கேட்கும். ஊர் திரும்பும்போது இந்தியா கேட்கும், இல்லாவிட்டால் 6 நாள் வரை தனிமைப்படுத்த முடியும். ஊசி போட்டு 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லும், பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். நாள் முன்பதிவு செய்துகொண்டு பாஸ்போர்ட்டோடு போக வேண்டும். கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

மலேரியா தடுப்பு மாத்திரையை மருத்துவரைக் கேட்டு எடுங்கள். டாக்ஸிசைக்ளின் எடுத்தால் திரும்பி வந்தபின் நான்கு வாரம் தொடர வேண்டும், வெயிலில் தோல் சட்டென்று கருகும். கொசு இல்லை என்று பாதியில் நிறுத்துவதுதான் வழக்கமான தவறு.

டாலர் நோட்டு புதிதாக இருக்கட்டும். 2009-க்கு முன் அச்சான நோட்டை வாங்க மாட்டார்கள், ஓரம் கிழிந்ததையும் பேனாக் கிறுக்கல் உள்ளதையும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். டிப்ஸுக்குச் சின்ன நோட்டாக வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் 230 வோல்ட், ஆனால் மூன்று சதுரக் கால் பிளக். நம் உருண்டைக் கால் பிளக் நுழையாது.

இன்னொன்று, நேரம். இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சுவாஹிலியில் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்கள், நம் காலை 7 அவர்களுக்கு முதல் மணி. உள்ளூர் டாக்சிக்காரர் "மூன்று மணிக்கு வருகிறேன்" என்றால் காலை 9 மணியாக இருக்கலாம். சஃபாரி ஓட்டுநர்கள் குழப்ப மாட்டார்கள், பஸ் நிலையத்தில் மட்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பையில் என்ன

பை மெத்தென்று மடங்குவதாக இருக்க வேண்டும். சக்கர சூட்கேஸ் லேண்ட் குரூசரின் பின்பக்கத்தில் நுழையாது. சிறு விமானத்தில் ஆளுக்கு 15 கிலோதான், கேமரா பையும் அதற்குள் அடக்கம். துணி காக்கி, பழுப்பு, சாம்பல் நிறத்தில் இருக்கட்டும். கருநீலமும் கறுப்பும் வேண்டவே வேண்டாம். செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வரும். தரங்கிரேயிலும் மேற்குச் செரங்கெட்டியிலும் மரங்களில் நீலமும் கறுப்புமாகத் துணிகள் தொங்குவதைப் பார்ப்பீர்கள், மருந்து தடவிய ஈப்பொறிகள் அவை. செட்சி சட்டைக்கு மேலேயே கடிக்கும், கொசு மருந்து அதற்கு அவ்வளவாக வேலை செய்யாது, ஓடும் வண்டியைத் துரத்தி வந்து உள்ளே புகும். ஈ மண்டிய இடத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு வேகமாகக் கடப்பதே வழி.

பைனாகுலர் 8x42, ஆளுக்கு ஒன்று. இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஒன்றை நான்கு பேர் கைமாற்றினால், உங்கள் முறை வரும்போது சிறுத்தை இறங்கிப் போயிருக்கும். கேமராவுக்கு 400 மில்லிமீட்டர் வரை போகும் லென்ஸ் போதும். முக்காலி பயன்படாது, வெறும் துணிப்பையைக் கொண்டுபோய் அங்கே அரிசியோ பீன்ஸோ வாங்கி நிரப்பி ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொள்ளலாம். வண்டிக்குள் லென்ஸ் மாற்றாதீர்கள், புழுதி சென்சாரில் ஒட்டிவிடும். கம்பளிச் சட்டை கட்டாயம். கொரொங்கோரோ விளிம்பு 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜூலை இரவில் கை விறைக்கும்.

காட்டுக்குள்

காலை 6 மணிக்கு வண்டி நகர வேண்டும். 9 மணிக்கு மேல் சிங்கம் படுத்துவிடும், வெப்ப அலையில் தூரத்துப் படமெல்லாம் நெளியும். ஓட்டுநரிடம் முதல் நாளே "பட்டியல் முடிப்பது முக்கியமில்லை, ஒரு இடத்தில் நின்று பார்க்கத் தயார்" என்று சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ரேடியோவில் யார் எதைப் பார்த்தாலும் அங்கே பறப்பார். படம் எடுக்கும்போது எஞ்ஜினை அணைக்கச் சொல்லுங்கள், அதிர்வு நிற்கும்.

தரங்கிரேயில் ஆற்றையே பற்றிக்கொண்டு போங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் மணல் மட்டும் தெரியும் இடத்தில் யானை முன்காலால் குழி தோண்டி, ஊறிவரும் தண்ணீருக்காகக் காத்து நிற்கும். அது போனபின் அதே குழியில் மற்றவை குடிக்கும். இலங்கையில் மன்னார் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்க மரத்தின் (பாவோபாப்) இனம் இங்கே நூற்றுக்கணக்கில். பட்டையை யானைகள் தந்தத்தால் குத்திக் கிழித்து ஈரமான நாரை மென்று தின்னும், சில மரங்களில் ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டை. சாப்பிடும் இடத்தில் குரங்குகளிடம் ஜாக்கிரதை, பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கத் திரும்பினால் போதும்.

செரொனெராவில் சிறுத்தையைத் தேட வேண்டிய இடம் ஆற்றோர மரங்கள்: மஞ்சள் பட்டை அகேசியா, சுரைக்காய்போல் காய் தொங்கும் கிகேலியா. உடம்பைத் தேடாதீர்கள், புள்ளிகள் இலை நிழலோடு கலந்துவிடும். கிடைமட்டக் கிளைக்குக் கீழே நேராகத் தொங்கும் வாலைத் தேடுங்கள், நுனி மட்டும் சுருண்டிருக்கும். "கோப்பீஸ்" என்று ஓட்டுநர்கள் சொல்லும் கருங்கல் குன்றுகளில் விடியலில் சிங்கம் கிடக்கும். சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடுவது, கரையான் புற்றின் மேல் நின்று பார்க்கும். வேட்டைக்குத் தயாராகும்போது வண்டிகள் நெருங்கினால் மான் கலைந்துவிடும், அது பட்டினிதான். ரோட்டை விட்டு வண்டியை இறக்கச் சொல்லி ஓட்டுநரை வற்புறுத்தாதீர்கள், அபராதம் அவர் தலையில் விழும்.

மாரா ஆற்றில் பொறுமைதான் எல்லாம். ஆயிரக்கணக்கில் கரைக்கு வரும், முதல் விலங்கு தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பும், மொத்தக் கூட்டமும் பின்வாங்கும். இது மணிக்கணக்கில் நடக்கலாம், கடக்காமலே போகலாம். அவை இறங்கும் பாதையில் வண்டி நின்றால் நிச்சயம் கடக்காது, முதல் வரிசை தண்ணீரில் இறங்கும்வரை எல்லா வண்டிகளும் பின்னாலேயே நிற்க வேண்டும். முதலையைவிட நெரிசலிலும் வெள்ளத்திலும் மூழ்கிச் சாவதே அதிகம். எதற்காகவும் வண்டியைவிட்டு இறங்காதீர்கள், சிறுநீர் கழிக்கக்கூட ஓட்டுநர் காட்டும் இடத்தில் மட்டும்.

கொரொங்கோரோ, எரிமலை உச்சி 20 லட்சம் ஆண்டுகளுக்கும் முன்பு உள்ளே இடிந்து விழுந்து உண்டான பள்ளம். 600 மீட்டர் ஆழம், அடித்தளம் மட்டும் சுமார் 260 சதுர கிலோமீட்டர். காலையில் விளிம்பு முழுக்க மூடுபனியாக இருந்தாலும் கவலைப்பட வேண்டாம், கீழே தெளிவாக இருக்கும். செனெட்டோ ரோட்டில் இறங்கி லெராய் ரோட்டில் ஏறுவது வழக்கம். ஒட்டகச்சிவிங்கி இங்கே கிடையாது, செரங்கெட்டியிலேயே பார்த்துவிடுங்கள். யானைகளில் பெரும்பாலும் நீளத் தந்தம் உள்ள கிழட்டு ஆண்கள். இந்தப் பள்ளத்துச் சிங்கங்களுக்கு ஒரு சோகக் கதை உண்டு: 1962-ல் கடிக்கும் ஈக்கள் பெருகி அவை பத்துப் பன்னிரண்டாகக் குறைந்துபோயின. இன்று இருப்பவை அந்தச் சிலவற்றின் வாரிசுகள், நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகுவது இன்றும் ஆராய்ச்சியாளர்களுக்குக் கவலைதான். மரநிழல் இல்லாத தரை என்பதால் சிங்கம் வந்து உங்கள் டயருக்குப் பக்கத்தில் படுத்துவிடும். அது எழுந்திருக்கும்வரை வண்டியை எடுக்க முடியாது, கையை வெளியே நீட்டவும் கூடாது.

கறுப்புக் காண்டாமிருகத்துக்கு 10 மணிக்குள் வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் தூரத்தில் சாம்பல் புள்ளியாகத்தான் தெரியும், வரிக்குதிரைகளுக்கு நடுவே நகராத பாறை ஒன்று தெரிந்தால் பைனாகுலரை அதில் நிறுத்திக் காத்திருங்கள். ங்கோய்டோகிடோக் ஊற்றுக்கரையில் சாப்பிடும்போது பருந்து மேலிருந்து பாய்ந்து கையிலிருப்பதைப் பறிக்கும், நகம் கீறினால் ஆழமாகப் படும். வண்டிக்குள்ளேயே சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து நீர்யானைகளைப் பாருங்கள்.

செரங்கெட்டிக்குப் போகும் வழியிலேயே ஓல்டுவாய் பள்ளத்தாக்குக்குப் பிரியும் ரோடு இருக்கிறது. 1959-ல் மேரி லீக்கி ஆதிமனித மண்டையோட்டைக் கண்டெடுத்த இடம். அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம், 36 லட்சம் ஆண்டு பழைய லெட்டோலி காலடிச் சுவடுகளின் அச்சு அங்கே இருக்கிறது.

கிளிமஞ்சாரோ ஏற நினைத்தால்

உயரம் 5,895 மீட்டர். கயிறும் பாறையேற்றமும் தேவையில்லை, அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் ஏற விடமாட்டார்கள். தோற்கடிப்பது குளிரோ களைப்போ அல்ல, உயரம். அதனால் வழியைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது நாட்களை. மரங்கு வழியில் ஐந்து நாள் பேக்கேஜ் மலிவு, படுக்கையோடு குடிசையும் உண்டு. ஆனால் 3,720 மீட்டரில் உள்ள ஹொரொம்போவில் காலை கிளம்பி, மாலை 4,720 மீட்டரில் உள்ள கிபோ குடிசை, நடுராத்திரி மறுபடி கிளம்பி உச்சி. ஏறக்குறைய ஒரே நாளில் 2,175 மீட்டர் ஏற்றம். உடம்பு பழக நேரமே இல்லை. மச்சாமே வழியில் 7 நாள், அல்லது லெமோஷோவில் 8 நாள் எடுங்கள். இவற்றில் பகலில் லாவா டவர் என்ற 4,600 மீட்டர் இடம்வரை ஏறிவிட்டு, தூங்க 3,900 சொச்சத்துக்கு இறங்கிவிடுவார்கள். உயரே ஏறித் தாழத் தூங்கும் இந்த ஒரு நாள்தான் பலரை உச்சிக்குக் கொண்டுபோகிறது.

ஜனவரி முதல் மார்ச் தொடக்கம், ஜூன் முதல் அக்டோபர், இவை ஏறத் தகுந்த காலம். அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவர் சொன்னால் ஒரு நாள் முன்பே தொடங்குவார்கள், விரல் நுனி மரமரக்கும், சிறுநீர் அதிகம் போகும், சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் முன்பே சொல்ல வேண்டும். லேசான தலைவலி சாதாரணம். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இருமலில் நுரை வந்தாலோ உடனே கீழே இறங்க வேண்டும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

உச்சி இரவு, இவ்விரு வழிகளின் கடைசி முகாமான பராஃபுவிலிருந்து 1,200 மீட்டர் ஏற்றம், 6 முதல் 8 மணி நேரம். தண்ணீர்ப் பையின் குழாய் முதல் ஒரு மணி நேரத்திலேயே உறைந்துவிடும். அகன்ற வாய் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, கம்பளிக் காலுறைக்குள் போட்டு, தலைகீழாக வையுங்கள். நீர் மேற்பரப்பிலிருந்துதான் உறையும், மூடிப்பக்கம் தப்பிக்கும். போன், பேட்டரி எல்லாம் உள்சட்டைக்குள். பருமனான ஜாக்கெட், தூக்கப் பை இரண்டும் மலையடிவார ஊரான மோஷியில் வாடகைக்குக் கிடைக்கும், காலணி மட்டும் ஊரிலேயே பழகியதாக இருக்கட்டும்.

சுமைதூக்குகிறவர் ஒருவருக்கு 20 கிலோதான் வரம்பு, நுழைவாயிலில் தராசு வைத்துப் பார்ப்பார்கள். உங்கள் பை 15 கிலோவைத் தாண்டக் கூடாது. சுமைக்காரர்களுக்குச் சரியான கூலி, சாப்பாடு, கூடாரம் கொடுக்கும் நிறுவனங்களின் பட்டியலைக் கிளிமஞ்சாரோ சுமைதூக்குவோர் உதவித் திட்டம் வெளியிடுகிறது, அதிலிருந்து தேர்ந்தெடுங்கள். டிப்ஸைத் தலைமை வழிகாட்டியிடம் மொத்தமாகக் கொடுக்காமல், எல்லோர் முன்னாலும் ஆளாளுக்கு எவ்வளவு என்று சொல்லிக் கொடுங்கள்.

திரும்பும்போது

பிளாஸ்டிக் கைப்பைகளுக்கு 2019 ஜூன் முதல் தடை, போகும்போதே பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். சிப் வைத்து மூடும் சிறு பைகளை, திரும்ப எடுத்துப்போகும் வரையில், விடுகிறார்கள். சிப்பி, பவளம், தந்தம், விலங்குத் தோல், எலும்பு எதையும் வாங்காதீர்கள், விமான நிலையத்தில் பிடிபடும். டான்சனைட் கல் உலகிலேயே கிளிமஞ்சாரோவுக்குப் பக்கத்து மெரெரானியில்தான் கிடைக்கிறது. வாங்கினால் உரிமம் உள்ள கடையில், ரசீதும் சான்றும் கேட்டு வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் அட்டையும் அதே கைப்பையில் இருக்கட்டும்.